ஏறி நில்லுங்க, சேர்

"எண்பத்திரண்டு தசம் நாலு," என்று உரக்கச் சொல்லிவிட்டு, கொண்டையில் செருகியிருந்த பேனாவை உருவிக் கொப்பியில் எழுதுகிறாள் சுலக்ஷனா. எடை என்னுடையது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பைப்படியில் தண்ணீர் பிடிக்க வந்த ஆறேழு பெண்கள், அவர்களுடைய பிள்ளைகள், இரண்டு நாய்கள். தோட்டப் பாடசாலையில் பத்தொன்பது வருடமாகத் தமிழ் படிப்பிக்கிற ஒருவனின் மானம் போக இவ்வளவு போதும். "சேர் நல்லாத்தான் இருக்காங்க," என்று ஒருத்தி சொல்ல, பைப்படியே சிரிக்கிறது. சுலக்ஷனா சிரிக்கவில்லை. அவளுக்கு இது விளையாட்டு இல்லை. "செருப்போட நின்னுட்டீங்க. கழட்டிட்டு இன்னொருக்கா ஏறி நில்லுங்க சேர்," என்கிறாள்.

கண்ணாடித் தட்டு வைத்த அந்த எடை மெஷின் ஹட்டன் பசார் கடையொன்றில் வாங்கியது. பழைய அரிசி பேக் ஒன்றில் போட்டுத் தோளில் மாட்டியிருப்பாள். வழியில் யாரைக் கண்டாலும் வணக்கம் சொல்ல மாட்டாள். "ஏறி நில்லுங்க அக்கா", "ஏறி நில்லுங்க மாமா", "ஏறி நில்லுடா". வணக்கம் அதுதான். எண் எதுவானாலும் வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதுவாள். சொல்லாமல் எழுதினால் பிழையாகிவிடுமாம். எங்கள் மேல்மலை லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற நூற்றுப் பதினேழு பேரில் நூற்றுப் பதினாறு பேரின் எடை அவளுடைய கொப்பியில் இருக்கிறது. மிச்சமிருக்கிற ஒருத்தி அவளுடைய சொந்த அண்ணி.

சுலக்ஷனாவுக்கு இருபத்து நாலு வயது. பல்கலைக்கழகத்தில் பொறியியல் கடைசி வருடம். றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறி வரும்போதே அண்ணனின் பழைய கம்பூட்ஸுக்கு மாறிவிடுவாள். அது அவள் காலுக்கு இரண்டு அளவு பெரிது. நடந்தால் களக் களக் என்று சத்தம் கேட்கும். ரொட்டியை நடந்துகொண்டேதான் தின்பாள். அட்டை கடித்தால் பேச்சை நிறுத்தாமல் பிடுங்கி எறிவாள். ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசுவது அபூர்வம். நிற்கிற விதத்தைத்தான் பார்ப்பாள். ஒருநாள் பாடசாலை வாசலில் வைத்து, "சேர், ஒங்க இடது செருப்பு மட்டும் தேஞ்சிருக்கு. நீங்க ஒரு பக்கமா சாஞ்சு நடக்குறீங்க," என்றாள். நாற்பத்தாறு வருடம் நேராக நடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஆகாத ஒரே சொல் 'குத்துமதிப்பு'. "முன்னூறு படி இருக்கும்" என்று எங்கள் ஆட்கள் இரண்டு தலைமுறையாகச் சொல்லி வந்த படிக்கட்டை மூன்று தரம் எண்ணி, இருநூற்று எண்பத்தாறு என்று அறிவித்தவள் அவள். மேல்மலை லயத்திலிருந்து கீழே லொறி ரோட்டுக்கு வருகிற படி அது. எல்லாம் ஒரே உயரம் இல்லை. எது முழங்காலுக்கு நாலு விரல் கீழே, எது எட்டு விரல் கீழே என்பது வரைக்கும் எழுதி வைத்திருக்கிறாள். அம்புலன்ஸ் லொறி ரோட்டோடு நின்றுவிடும். வருத்தக்காரரை மேலேயிருந்து கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கித்தான் இறக்க வேண்டும். மழை நாளில் தூக்குகிறவன் வழுக்கி விழுந்தால் வருத்தக்காரர் இரண்டு பேராகிவிடுவார்கள்.

கடைசி வருடத்தில் மூன்று பேராகச் சேர்ந்து ஒரு பொருளை வடிவமைத்துச் செய்து காட்ட வேண்டுமாம். மற்றப் பிள்ளைகள் தண்ணீர்த் தாங்கி, சூரிய விளக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். சுலக்ஷனாவின் குழு எடுத்துக்கொண்டது எங்கள் படியை. ஒற்றைச் சக்கரம் வைத்த ஒரு தூக்குப் படுக்கை; முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்தால் போதும்; சக்கரம் படிப்படியாக இறங்கும்; பின்கைப்பிடியில் பிரேக். நாலு பேர் வேலை இரண்டு பேர் வேலையாகும். நல்ல யோசனை. நானே வீட்டில் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

இந்தப் படியை அவள் எண்ணத் தொடங்கிய கதையை ஒரே ஒரு தரம்தான் சொன்னாள், அதுவும் பிரேக் கம்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே. நாலு வருடத்துக்கு முன்பு அண்ணி பிரேமினிக்கு முதல் பிரசவ வலி வந்தது ஒரு விடிகாலை. அண்ணன் கொழும்பில் கடையில் வேலை. ஆண்கள் கம்பளியோடு வருமுன் வலி முற்றிவிட்டது. பிரேமினி சுலக்ஷனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்கினாள். பாதி வழியில் படியிலேயே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் போய்விட்டது. "நூத்தி நாப்பத்தி மூணாவது படி சேர்," என்றாள். "அண்ணிக்கு மனச திருப்பணும்னு எண்ணிக்கிட்டே எறங்கினேன். அதுல நின்னுபோச்சு." எண்ணெய்ப் போத்தலை மூடினாள். 

இப்போது பிரேமினிக்கு எட்டாம் மாதம். அவளைச் சுகமாகக் கீழே இறக்கிவிட வேண்டும். மார்க், பட்டம், லெக்சரர்மார் எல்லாம் அதற்குப் பிறகுதான். சுலக்ஷனா அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா.

ஆனால் பிரேமினி மெஷினில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். கிளினிக்கில் மிட்வைஃப் பார்க்கிற எடை வேறு. அது அட்டையில் எழுதி மடித்து வைக்கிற எடை. பைப்படியில் கூவுகிற எடை வேறு. "ஊரே கேக்க வயித்துப் புள்ளய நிறுத்துப் போடுவியா? கண்ணுபட்டா நீயா வந்து சுத்திப் போடுவ?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். எடை தெரியாமல் வண்டி ஓடாது. ஏறுகிற ஆளின் பாரத்தைப் பார்த்துத்தான் பிரேக் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கம் கூடிப்போனால் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைக் குப்புறத் தள்ளும். குறைந்துபோனால் பிடிக்கவே பிடிக்காது. அதனால்தான் ஊர் முழுக்க எடை. அதனால்தான் அண்ணியிடம் மட்டும் அவள் குரல் இறங்கிப்போகும். "ஒரே ஒருக்கா ஏறுங்க அண்ணி," என்பாள். அண்ணி ஏற மாட்டாள்.

லீவு விட்டதும் எங்கள் பாடசாலையின் மரவேலைக் கொட்டகையைக் கேட்டு மூன்று பேரும் வந்தார்கள். அதிபர் சாவியை என் தலையில் கட்டினார். மூன்று பேரில் நுவன் குருநாகல் பக்கத்துப் பையன், கணக்குப் புலி. தமிழில் 'மழை', 'தேத்தண்ணி', 'சரி' மூன்றும் தெரியும். மலைநாட்டில் காலம் தள்ள அது தாராளம். இஷ்ரா ஹட்டனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறவரின் மகள். வரைபடமும் ரிப்போர்ட்டும் அவள் பொறுப்பு. ஆணி, நட்டு, வாப்பாவின் கடையில் மிஞ்சிய சாமான் எல்லாம் அவள் மூலமாகத்தான் வந்தது. மூன்று பேரும் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வசனத்தில் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். அரை மணிக்கு ஒருதரம் ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போவார். பிஸ்கட் பிரிக்கிற சத்தம் கேட்டதும் திரும்பி வந்துவிடுவார்.

கைப்பிடிக்கு முதலில் இரும்புக் குழாய்தான் யோசித்தார்கள். பாரம் அதிகம். ஓடைக்கரையில் மூங்கில் சும்மா கிடக்கிறதே என்றாள் சுலக்ஷனா. நுவன் கணக்குப் போட்டுப் பார்த்து, இந்தப் பாரத்துக்கு மூங்கிலே போதும் என்றான். இரண்டு நீள மூங்கில், குறுக்கே ஐந்து சின்ன மூங்கில், கயிற்றால் இறுக்கிக் கட்டியாயிற்று. படுக்கிற இடத்துக்கு இஷ்ராவின் வாப்பா கடையில் மிஞ்சிய ரெக்சின் வந்தது. வெள்ளை நிறம். ஆள் வழுக்கக் கூடாது என்று நெஞ்சுக்கு ஒரு பட்டி, இடுப்புக்கு ஒரு பட்டி. சரிவில் கால் ஆடுகிறது என்று இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்ட மூன்றாவது பட்டி. இறங்கும்போது தலை மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரத்தம் தலைக்கு ஏறும் என்பதால் கால்தான் முன்னால் போகும். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் சரியாகவும் இருந்தது.

அறுபது கிலோ மணல் மூட்டையை ஆறு தரம் ஏற்றி இறக்கினார்கள். ஒரு பிடி மணல் சிந்தவில்லை. அடுத்தது ஆள். அங்கேதான் எல்லாம் நின்றது.

ஒருவர்கூடப் படுக்கவில்லை. இல்லை என்று யாரும் சொல்லவும் இல்லை; எங்கள் ஆட்கள் படித்த பிள்ளைகளின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "நாளைக்கி வர்றேன் புள்ள." "மலைக்குப் போகணும், பெரட்டுல பேர் குடுக்க நேரமாச்சு." "இடுப்பு கொஞ்சம் புடிச்சிருக்கு." இடுப்புப் பிடித்த ஆளுக்காகத்தானே அம்மா இந்த வண்டி. விழுந்துவிடுவோம் என்று பயப்படுகிறார்கள் போலும் என்று நுவன் பட்டிகளை இன்னும் அகலமாக்கினான். வெட்கமாக இருக்கும் என்று இஷ்ரா மேலே மூட ஒரு துணியும் வைத்துத் தைத்தாள். பிறகு ஒரு வினாத்தாள் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தாள். நாற்பத்தொரு பேர் நிரப்பினார்கள். நாற்பத்தொரு பேரும் 'மிகவும் நல்லது' என்ற கட்டத்தில் அடையாளம் போட்டிருந்தார்கள். இப்படி ஒரு பெறுபேறு எந்த நாட்டிலும் கிடைத்திருக்காது என்று இஷ்ரா சந்தோஷப்பட்டாள். படுக்கத்தான் ஆள் இல்லை.

எனக்கு விஷயம் தெரியும். வெள்ளை ரெக்சின் வந்த அன்றைக்கே தெரியும். எங்கள் மேல்மலையில் ஒருவர் இறந்தால், பெட்டி வந்தாலும் மூங்கிலில் பாடை கட்டித்தான் தூக்குவார்கள். இரண்டு நீள மூங்கில், குறுக்கே ஐந்து. வெள்ளைத் துணி. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. கால் முன்னால் போக இதே படியில் இறக்குவார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, மூன்று பிள்ளைகளும் கணக்குப் போட்டுக் கணக்குப் போட்டு ஒரு பாடையைச் செய்து முடித்திருந்தார்கள். சக்கரம் மட்டும்தான் புதிது.

நுவனுக்கும் இஷ்ராவுக்கும் இது தெரிய வழியில்லை. சுலக்ஷனாவுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? அதற்கும் காரணம் இருக்கிறது. பாடை எடுக்கிற நேரத்தில் கலியாணமாகாத பெண் பிள்ளைகளைக் காம்பராவுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். பார்க்கக் கூடாது என்பது வழக்கம். கலியாணமான பெண்கள் பைப்படி வரைக்கும் வந்து அழுதுவிட்டுத் திரும்புவார்கள். மிச்ச வழி ஆண்களுடையது. படியின் ஒவ்வொரு விரற்கடையையும் அளந்து வைத்தவள், அதில் அதிகம் பேர் எப்படி இறங்கிப் போனார்கள் என்பதை ஒருநாளும் கண்டதில்லை.

அப்படியானால் நான் ஏன் சொல்லவில்லை? எட்டு மாதக் கர்ப்பிணிக்கென்று செய்கிற பொருளைப் பார்த்து 'பாடை' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அபசகுனம். நாற்பத்தொரு பேருக்கும் அதேதான். ஒருவர் சொல்லட்டும் என்று மற்றவர் பார்த்திருந்தோம். லெக்சரர்மார் பார்க்க வருகிற வியாழக்கிழமைக்கு ஐந்து நாள்தான் மிச்சம். உபயோகிக்கப் போகிற ஆட்களில் ஒருவரையாவது ஏற்றிக் காட்டாவிட்டால் வேலை முடிந்ததாக எடுக்க மாட்டார்களாம்.

சனிக்கிழமை பின்னேரம் நல்லமுத்து கொட்டகைக்கு வந்தார். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், அறுபது வயது. லயத்தில் இழவு விழுந்தால் பாடை கட்டுவதும் அவர்தான். வண்டியைச் சுற்றி வந்தார். குறுக்கு மூங்கில் கட்டிய இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். கயிற்றின் முடிச்சைத் தடவினார். இரண்டு மாதத்தில் அந்த வண்டியை மனசார ரசித்த முதல் ஆள் அவர்தான்.

"கட்டு நல்லா இருக்கு பாப்பா. நான் கட்டுறதவிட பலம்."

சுலக்ஷனாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க என்னா கட்டுவீங்க மாமா?" என்று கேட்டாள்.

நல்லமுத்து என்னைப் பார்த்தார். நான் கரும்பலகையைப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "அதான் புள்ள," என்றார் கடைசியில், தலையைச் சொறிந்துகொண்டு. "யாராச்சும் தவறிட்டா கட்டுவோமே."

 இஷ்ரா சிங்களத்தில் மெதுவாக நுவனுக்குச் சொன்னாள். அவன் கையிலிருந்த ஸ்பேனரைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தான். சுலக்ஷனா மூங்கிலைப் பார்த்தாள், ரெக்சினைப் பார்த்தாள், கணுக்கால் பட்டியைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை குறுக்கு? எந்தப் பக்கம் முன்னால்? கால் கட்டுவீர்களா? எங்கேயாவது நிறுத்துவீர்களா? நல்லமுத்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும்தான் என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா சேர்?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"ரெண்டு மாசமா."

"குத்துமதிப்பா சொல்லாதீங்க," என்றாள். குரல் உயரவில்லை. "ரெக்சின் வந்து இன்னையோட அம்பத்தெட்டு நாளு."

பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். கல்விக் கந்தோரில் வைத்து எழுத்திலும் திட்டியிருக்கிறார்கள். அந்த ஐம்பத்தெட்டுப் போல் ஒன்றும் வலித்ததில்லை.

பிறகு அவள் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். கம்பூட்ஸைக் கழற்றினாள். வண்டியில் ஏறி மல்லாந்து படுத்தாள். "கட்டுங்க. தூக்குங்க. பைப்படி வரைக்கும்." நல்லமுத்து இரண்டடி பின்னால் போனார். "உசிரோட இருக்கிற புள்ளய நான் தூக்க மாட்டேன் தாயி," என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். முன்கைப்பிடியை நுவன் பிடித்தான். பின்கைப்பிடியை நான் பிடித்தேன். ஐம்பத்தெட்டு நாளுக்கு நான் கட்டக்கூடிய வட்டி அவ்வளவுதான். கால் முன்னால் போக அவளை இறக்கினோம். பைப்படியில் குடங்கள் நின்றுவிட்டன. ஒரு பெண் தன் மகளைச் சேலைக்குள் இழுத்து மூடினாள். சுலக்ஷனா கண்ணைத் திறந்தபடியே கிடந்தாள். பைப்படி வந்ததும், "போதும்," என்றாள். பட்டியைக் கழற்றிய உடனே கொப்பியைக் கேட்டாள். வழக்கம்போல வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினாள்: "வானம் மட்டுந்தான் தெரியுது. எங்க போறோம்னு தெரியல. தூக்குறவங்க மொகம் தெரியல. கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல. எட்டி ஒதைக்க ஏலாது." கடைசி வரியின் கீழே கோடு இழுத்தாள்.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, அவள் அம்மா அம்மாக்கண்ணு மலையிலிருந்து கொழுந்துச் சாக்கோடு ஓடி வந்துவிட்டார். மகளைக் காம்பராவுக்குள் விடவில்லை. வாசலிலேயே நிறுத்தி மஞ்சள் தண்ணீரைத் தலையோடு ஊற்றினார். மார்கழிக் குளிர். அவள் பல் கிட்டிக்க நின்றாள். ஊற்றி முடித்து வெறும் வாளியோடு என் பக்கம் திரும்பினார். "சின்னப்புள்ளைங்களுக்குத் தெரியாது. ஒங்க வாயில என்னா கொழுக்கட்டையா இருந்திச்சி?" என்று கேட்டார்.  கொழுக்கட்டைதான்.

அண்ணி பிரேமினி கதவுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துவாயை எறிந்தாள். "இத்தன நாளா நான் ஏன் ஏறலன்னு இப்ப வெளங்கிச்சா?" என்றாள். கோபம் இல்லை, களைத்த குரல். "வெளங்கிச்சு அண்ணி," என்று துவாயால் தலையை மூடிக்கொண்டாள் சுலக்ஷனா.

மிச்சமிருந்த நாட்களில் கொட்டகையில் நடந்ததை வேலை என்று சொல்வதா யுத்தம் என்று சொல்வதா தெரியவில்லை. படுக்கவே வேண்டாம், உட்கார வைப்போம் என்றாள் அவள். உட்கார்ந்தால் பாரம் மேலே ஏறும், ஒவ்வொரு படியிலும் கவிழப் பார்க்கும் என்று நுவன் கத்தினான். சாமி சப்பரத்தில் உட்கார்ந்துதானே வருகிறது, கவிழ்ந்தா போகிறது என்றாள் இவள். சப்பரத்தை இருபது பேர் தூக்குகிறார்கள் என்று அவன் விரல் விட்டுக் காட்டினான். கடைசியில் இருக்கையைக் கைப்பிடிகளுக்குக் கீழே தொங்கவிட்டார்கள். சக்கரத்தை ஒரு சாண் முன்னுக்குத் தள்ளினார்கள். மூங்கில் போய் இரும்புக் குழாய் வந்தது. ரெக்சின் போய், இஷ்ராவின் வாப்பா கடையிலிருந்து பச்சைக் கட்டம் போட்ட துணி வந்தது. கால் பட்டியைச் சுலக்ஷனா தானே பிளேடால் அறுத்தாள். கால் மடக்கி வைக்க ஒரு பலகை, கை பிடிக்க இரண்டு பக்கமும் கைகள். கைவைத்த கதிரை எங்கள் பாடசாலையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. என்னுடையது. அவள் கேட்கவில்லை, நானே கொண்டுபோய் வைத்தேன். நன்றி சொல்லுவாள் என்று நின்றேன். மெஷினில் வைத்து, "நாலு தசம் ஒண்ணு," என்று சொல்லிவிட்டுக் கதிரையின் காலை அறுத்தாள். அன்றிலிருந்து நின்றுகொண்டுதான் படிப்பிக்கிறேன்.

ரிப்போர்ட்டில் 'எங்கள் பிழை' என்று ஒரு பக்கம் சேர்க்க வேண்டும் என்றாள். "இத எழுதினா மார்க் வெட்டுவாங்க சுலா. மணல் மூட்டை வரைக்கும் எழுதிட்டு விட்டுறலாம்," என்றாள் இஷ்ரா. நுவனும் அதே கட்சி. "வெட்டட்டும்," என்றாள் சுலக்ஷனா. "நாப்பத்தியொரு பேரும் பொய் அடையாளம் போட்டாங்க. நாமளும் போடுறதா?"  இஷ்ரா அந்தப் பக்கத்தை மற்றப் பக்கங்களைவிட நன்றாகவே எழுதினாள்.

புதன்கிழமை இஷ்ராவையே ஏற்றி மூன்று தரம் இறக்கினார்கள். பிரேக் பிடித்தது. லயத்து ஆட்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் கதிரையைத் தொட்டுப் பார்த்தார். ஆனால் ஏறவில்லை. பார்த்த கண்ணுக்கு இன்னும் போன வாரத்து மூங்கில்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலையில் இரண்டு லெக்சரர்மார் வந்தார்கள். இருநூற்று எண்பத்தாறு படியையும் ஏறித்தான் வந்தார்கள். பருத்தவர் ஐந்து இடத்தில் உட்கார்ந்தார். சுலக்ஷனா அதையும் குறித்துக்கொண்டாள். சுலக்ஷனா வீட்டு வாசலில் வண்டி நின்றது. பக்கத்தில், ஈரம் படாமல் ஒரு சாக்கின் மேல், எடை மெஷின். ஊர் ஆள் யாராவது ஏறுகிறார்களா என்று மெலிந்த லெக்சரர் கேட்டார். நுவன் நிலத்தைப் பார்த்தான். இஷ்ரா, "நான் ஏறுறேன் சேர்," என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். நட்டு இஷ்ராவின் நாற்பத்தொன்பது கிலோவுக்கு ஏற்கனவே இறுக்கியிருந்தது.  சுலக்ஷனா சட்டைப்பையில் கையை விட்டு எதையோ தேடுகிறவள் போல நின்றாள்.

அப்போது கதவு திறந்தது. பிரேமினி தலையைப் படிய வாரி, ஒரு கையில் குடையும் மறு கையில் கிளினிக் அட்டையுமாக வெளியே வந்தாள். லெக்சரர்மாரைப் பார்க்கவில்லை. வண்டியை ஒருதரம் சுற்றி வந்தாள். கதிரையின் கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"கால எங்க வைக்கிறது?"

"பலகையில அண்ணி. மடக்கி வச்சிக்கலாம். கட்டு இல்ல."

"போற பாத கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியும். நானே ஒக்காந்து பாத்தேன்."

பிரேமினி படியைப் பார்த்தாள். மூடுபனி பாதிவரைக்கும்தான் விட்டிருந்தது. "இருபது படி மட்டும் போவோம் அண்ணி, அது போதும்," என்றாள் சுலக்ஷனா அவசரமாக. "எனக்கு இன்னைக்கி கிளினிக்," என்றாள் பிரேமினி. "எப்பிடியும் எறங்கத்தான் வேணும். இருபது படியில விட்டுட்டா மிச்சத்த யாரு எறங்குறது? அந்தப் படியத் தாண்டி எறக்கி விடு."

சொல்லிவிட்டு வண்டியில் ஏறவில்லை. செருப்பைக் கழற்றினாள். குடையை என் கையில் கொடுத்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து மெஷினில் ஏறி நின்று, மலைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வாய்விட்டுச் சொல்லிறாத," என்றாள்.

சுலக்ஷனா குனிந்தாள். பைப்படிப் பெண்கள், லெக்சரர்மார், நல்லமுத்து, நான், எல்லோரும் பழக்கத்தில் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொண்டையிலிருந்து பேனாவை உருவி எழுதினாள். எழுதிய இடத்தை உள்ளங்கையால் மூடினாள். "கீயத?" ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு நுவன் சிங்களத்தில் எத்தனை கிலோ என்று கேட்டான். அவள் ஸ்பேனரை அவன் கையிலிருந்து வாங்கி, எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, எத்தனை சுற்று என்று ஒருவரும் எண்ண முடியாதபடி நட்டை இறுக்கத் தொடங்கினாள்.